யாரும் பாவிக்காத மதகு

வெளிநாட்டில் இருந்து வந்த விருந்தினரை நயாகரா காட்டாமல் திருப்பி அனுப்பும் வழக்கம் ரொறன்ரோவில் எந்தத் தமிழ் வீட்டிலும் இல்லை. மோர்னிங்சைட்டில் எங்கள் வீடும் அப்படித்தான். என் மனைவி ராணி முதல் நாளே கட்லற் பொரித்து, புளிச்சாதம் கட்டி வைத்துவிடுவாள். பிறம்ரனில் லொறிக் கொம்பனி ஒன்றில் வேலை செய்யும் அவளுடைய தம்பி சிவா காலையில் தன் வான் வண்டியைக் கொண்டு வருவான். நேரே போனால் இரண்டு மணித்தியாலத்தில் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நிற்கலாம். என்னை ஏற்றிக்கொண்டு போனால் அது நடக்காது. வழியில் சென்ற் கதறின்ஸில் வெலண்ட் கால்வாய் குறுக்கிடுகிறது. கப்பல்களை ஏற்றி இறக்கும் லொக் ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு கப்பலாவது ஏறி முடியும்வரை நான் திரும்ப வானில் ஏறுவதில்லை.

“அத்தான், உந்தத் தண்ணித் தொட்டியைப் பாக்கவோ லண்டனிலயிருந்து சனம் வருது?” என்று சிவா ஒவ்வொரு முறையும் கேட்பான்.

“பொறு, கப்பல் வருது.”

“கப்பல் வரும். அது வந்து, ஏறி, போய் முடியிறதுக்குள்ள அக்காவின்ர கட்லற் கல்லாப் போயிடும்.”

இந்தக் கோடையில் வந்த விருந்தினர் சொந்தக்காரர் அல்ல. இங்கிலாந்தில் என்னோடு வேலை செய்த, தண்ணீருக்கு அடியில் இறங்கித் திருத்தும் சுழியோடி ரெஜ். அவன் வந்து போன பிறகு சிவாவே என்னைப் பிடித்துக்கொண்டான். இங்குள்ள தமிழ்ப் பொறியியலாளர் சிலர் ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் மலருக்கு இதை எழுதித்தான் ஆகவேண்டும் என்றான். நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. ஆகவே நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். அங்கே எல்லோரும் பேசியது ஆங்கிலம். சிவாவுக்குச் சொல்வது போலவே அதை எங்கள் பேச்சில் தருகிறேன். அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் வேலையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்து அறுபதுகளில் இங்கிலாந்து போனேன். பகலில் படம் வரைபவர் வேலை, மாலையில் வகுப்பு, பிறகு பரீட்சைகள். கடைசியில் ஒரு கப்பல் கால்வாயின் பராமரிப்புப் பகுதியில் உதவிப் பொறியியலாளர் ஆனேன். கடலில் இருந்து தள்ளி இருந்த ஒரு பஞ்சாலை நகரம், கப்பல்கள் தன் வாசலுக்கே வரவேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டிய கால்வாய் அது. நகரம் கடலைவிட உயரத்தில் இருந்ததால் கப்பல் படிப்படியாக ஏறவேண்டும். ஒவ்வொரு படியும் ஒரு லொக். கப்பலைத் தொட்டிக்குள் விட்டு, கதவைச் சாத்தி, மேல்மட்டத் தண்ணீரை உள்ளே விட்டால் கப்பல் உயரும். இறங்குவதற்கு இதே வேலை மறுபக்கமாக நடக்கும்.

எங்கள் லொக்கில் ஒரு பெரிய தொட்டியும் ஒரு சின்னத் தொட்டியும் அருகருகே இருந்தன. இரண்டுக்கும் இடையில் உள்ள தடித்த சுவருக்குள், ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய ஒரு செங்கல் சுரங்கம் குறுக்கே போனது. அதை அடைத்து ஒரு இரும்பு மதகு. சுவரின் மேல் நிற்கும் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் அந்த மதகு உயரும். குறுக்கு மதகு என்பதுதான் அதன் பெயர். அதை யாரும் எந்த வேலைக்கும் பாவித்தது கிடையாது. ஓய்வு பெற்ற கிழவர்களிடம் கேட்டால் அவர்களும் பாவித்ததில்லை என்றார்கள்.

எங்கள் மேலதிகாரி மிஸ்டர் பார்லோ மட்டும் அதை விடுவதாக இல்லை.

பார்லோ மெலிந்த, உயரமான மனிதர். கழுத்துப்பட்டி எதிலும் சிக்காமல் இருக்க அதன் நுனியைச் சட்டைப் பொத்தான்களுக்கு இடையில் செருகியிருப்பார். சத்தம் போட்டுப் பேசமாட்டார். காற்றிலும் இயந்திர இரைச்சலிலும் அவர் சொல்வது கேட்காது. கிட்டப் போய்க் கேட்கவேண்டும். கேட்டதும் “சொன்னதைத் திருப்பிச் சொல்லும்” என்பார். ஒரு கதவைத் திறக்கச் சொன்னாலும், தேத்தண்ணி வாங்கிவரச் சொன்னாலும் திருப்பிச் சொல்லவேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு முதல் மாதம் இது அவமானமாக இருக்கும். பிறகு அவர்களே வீட்டில் மனைவி சொன்னதைத் திருப்பிச் சொல்லி ஏச்சு வாங்குவார்கள். நானும் வாங்கியிருக்கிறேன்.

ஒவ்வொரு வசந்தத்திலும், பனி விட்டு முதல் வேலையாக, குறுக்கு மதகைத் திறந்து மூடவேண்டும் என்பது பார்லோவின் ஒழுங்கு. முதலில் சக்கரத்தின் பல்லுகளில் இருந்து பழைய கிரீசைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெயால் துடைத்து, புதிய கிரீஸ் பூசுவோம். இரண்டு பேர் சக்கரத்தைப் பிடிக்க, பார்லோ அதன் இரும்புத் தண்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். முழுவதும் திறந்து, கொஞ்சம் பொறுத்து, முழுவதும் மூடுவோம். மூடி முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் “என்ன கேட்டது?” என்பார். “ஒண்டும் கேக்கேல்லை, சேர்” என்பதுதான் அவருக்குப் பிடித்த பதில்.

கதவுகளை இயக்கும் ஸ்ரான்லி என்ற பகிடிக்காரன் இதற்கு “மதகின்ர பிறந்தநாள்” என்று பெயர் வைத்திருந்தான். ஒரு வருடம் சக்கரத்தின் நடுவில் சின்னக் கேக் துண்டு ஒன்றை வைத்து, அதில் மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டான். நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். பார்லோ வந்தார். குனிந்து மெழுகுதிரியை ஊதி அணைத்தார். கேக்கை எடுத்து ஸ்ரான்லியின் கையில் கொடுத்தார்.

“சரி, இப்ப திருப்பும்,” என்றார்.

எனக்கு அந்த நாள் பிடிக்கும். அந்த மதகுக்குப் பயன் உண்டா இல்லையா என்று நான் யோசித்ததில்லை. ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் செய்யக்கூடிய நிலையில் இருக்கவேண்டும் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு இலையுதிர் காலம். பெரிய தொட்டியின் கதவு வந்து முட்டும் கற்படி தேய்ந்துவிட்டதால், தொட்டியை முழுக்க வற்றவைத்துப் புதிய கொங்கிறீற் போட்டுக்கொண்டிருந்தோம். தொட்டியை வற்றவைப்பதற்கு, கால்வாயைக் கட்டியவர்களே சுவர்களில் நேர்க்குத்தான தவாளிப்புகள் விட்டிருக்கிறார்கள். அவற்றுக்குள் தடித்த மரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கினால் ஒரு மரச்சுவர் ஆகும். அதற்கு ஒரு பக்கம் கால்வாயின் முழுத் தண்ணீர். மறுபக்கம் வெறும் தொட்டி. அதன் அடியில் வேலை செய்யும் மனிதர்கள்.

மரங்களுக்கு இடையில் எப்போதும் கொஞ்சம் ஒழுகும். அதற்கு மருந்து சாம்பல். நிலக்கரிச் சாம்பலை ஒரு தகரத்தில் நிரப்பி, தண்ணீர்ப் பக்கத்தில் ஒழுக்குக்கு நேரே இறக்கிக் கவிழ்ப்போம். ஓடும் தண்ணீர் சாம்பலைத் தானே இடுக்குக்குள் இழுத்து அடைத்துக்கொள்ளும். கட்டிய காலத்தில் இருந்தே அந்தக் கால்வாயில் உள்ள வழக்கம் அது.

அன்று காலை சாம்பல் நிற்கவில்லை. அடிமரத்தின் கீழே ஏதோ கல் சிக்கி, மரம் சரியாக இருக்காமல் ஒழுக்குப் பெருத்துவிட்டது. பார்லோ கால்வாயின் கீழ்ப்பக்கம் தூர்வாரும் கப்பலைப் பார்க்கப் போயிருந்தார். பொறுப்பில் நான். ரெஜ்ஜை இறக்கினோம். பித்தளைத் தலைக்கவசம், ஈயச் சப்பாத்து, மேலிருந்து காற்றுக் குழாய், பேச ஒரு தொலைபேசிக் கம்பி, அதன் மேல்முனையில் ஸ்ரான்லி. அந்தத் தண்ணீருக்குள் கண் தெரியாது. நீண்ட தடியின் நுனியில் சாக்கைக் கட்டி, விலகி நின்று, இடுக்கில் திணிப்பதுதான் முறை. ரெஜ் முறைப்படியே செய்தான். ஆனால் அவன் நின்ற சேறு வழுகியது. வழுகிய கால் மரத்தின் கீழே போனது. தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டது.

“ஸ்ரான்லி,” என்று தொலைபேசியில் குரல் வந்தது, “என்ர காலை ஆரோ பிடிச்சிருக்கிறாங்கள்.”

முதலில் பகிடி என்றுதான் நினைத்தோம். பிறகு அவன் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் இழுக்கத் தொடங்கினார்கள். நான் “விடுங்கோ!” என்று கத்தினேன். வேலையில் நான் கத்தியது அன்றுதான். ஒரு பக்கம் கால்வாயின் முழு ஆழம், மறுபக்கம் ஒன்றுமில்லை. அந்த விசையை மனிதர் கயிற்றால் வெல்ல முடியாது. இழுத்தால் உடுப்புக் கிழியும், அல்லது கால் போகும். அவனை விடுவிக்க ஒரே வழி, வற்றிய தொட்டியைத் தண்ணீரால் நிரப்பி இரண்டு பக்கத்தையும் சமப்படுத்துவது. பெரிய தொட்டியை வழமையாக நிரப்பும் மதகுகள் திருத்த வேலைக்காகப் பலகை அடித்து மூடப்பட்டிருந்தன. மிஞ்சியது குறுக்கு மதகு மட்டுமே.

தொட்டிக்கு அடியில் இறங்குகிற ஒவ்வொருவரும் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை மேலே ஒரு பலகையில் கொழுவிவிட்டு இறங்கவேண்டும், ஏறியதும் கழற்றவேண்டும் என்பது பார்லோவின் இன்னொரு ஒழுங்கு. மணியை அடித்தோம். ஏணிகளில் ஆட்கள் ஏறி வந்தார்கள். ஒருவன் தேத்தண்ணிப் போத்தலை மறந்துவிட்டேன் என்று திரும்பி இறங்கப் பார்த்தான். ஸ்ரான்லி அவனுடைய கொலரைப் பிடித்துத் தூக்கினான். பலகையில் ஒரு வில்லைகூட இல்லை என்பதை நான் பார்த்தேன். ஸ்ரான்லியையும் பார்க்கச் சொன்னேன்.

சின்னத் தொட்டியில் அப்போதுதான் ஒரு சரக்குக் கப்பல் இறங்குவதற்காக வந்து நின்றது. அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் எடுக்கப் போகிறோம். ஓடிப்போய்க் கப்டனிடம் சொன்னேன்.

“உங்கட தண்ணியை எடுக்கப் போறன். கயிறுகளை இறுக்கிக் கட்டினால் கப்பல் சுவரில தொங்கும். தளர விட்டால் கதவில மோதும். ஒவ்வொரு கயிற்றிலயும் ஆள் நிக்கவேணும்.”

“ஆரிட்டைக் கேட்டு என்ர கப்பலை ஆட்டப் போறீர்?”

“கீழ ஒரு மனுசன்ர கால் அம்பிட்டுக் கிடக்கு.”

அவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. தன் ஆட்களோடுதான் பேசினார்.

ஸ்ரான்லியையும் இன்னொருவரையும் சக்கரத்தில் விட்டேன். “சின்னத் தொட்டியின்ர மேல்மதகுகளைத் திறந்து வையுங்கோ, கால்வாய்த் தண்ணி வந்துகொண்டே இருக்கவேணும். பிறகு குறுக்கு மதகை மெல்லமாத் திறவுங்கோ. ஸ்ரான்லி, சொன்னதைத் திருப்பிச் சொல்லு.”

ஸ்ரான்லி ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னான். சிரிக்கவில்லை. சக்கரம் சுற்றியது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. சற்றுப் பொறுத்துத் தொட்டியின் அடியில், சுரங்கத்தின் வாயில், மண்ணிறமாகத் தண்ணீர் வெளியே பாய்ந்தது. புதுக் கொங்கிறீற், பலகை, சாரம் எல்லாவற்றையும் அது உருட்டிக்கொண்டு போனது.

அவ்வளவு பெரிய தொட்டி உடனே நிரம்பாது. நான் தொலைபேசிக்கு வந்தேன்.

“தண்ணி ஏறுது, ரெஜ். கால் எப்பிடி?”

“இருக்கெண்டு நினைக்கிறன். உணர்வில்லை. நேதன், ஏதாவது பேசு. இஞ்ச ஒரே இருட்டு.” என் பெயர் குணநாதன், அங்கே நான் நேதன்.

வீட்டுக்கதை வாயில் வரவில்லை. தெரிந்தது கால்வாய் ஒன்றுதான். அதை வெட்டிய கதையைச் சொல்லத் தொடங்கினேன். பஞ்சாலை முதலாளிகளுக்கு ரயில் கட்டணத்திலும் துறைமுகக் கட்டணத்திலும் வந்த எரிச்சலில் தொடங்கியது. பாராளுமன்றம் ஒருமுறைக்கு மேல் திருப்பி அனுப்பியும் அவர்கள் விடவில்லை. நாடு முழுவதும் இருந்து மண் வெட்டுகிறவர்கள் வந்து, கரையோரம் மரக் குடிசைகளில் குடும்பங்களோடு இருந்தார்கள்.

“அவங்களுக்குச் சுழியோடியள் இருந்தவையோ?”

“இருந்தவை.”

“கால் அம்பிடேல்லையோ?”

“அதைப் பற்றி ஒண்டும் வாசிக்கேல்லை.”

“சரி, சொல்லு.”

நீராவியால் இயங்கும் மண்வாரிகள், வெட்டிய மண்ணைக் கொண்டுபோக அந்தப் பள்ளத்துக்கு உள்ளேயே போட்ட ரயில் பாதைகள், வெடி வைத்துப் பிளந்த பாறை எல்லாவற்றையும் சொன்னேன். பாதி வெட்டியபோது ஆறு பெருகி, கரையை உடைத்து, பள்ளத்தை நிரப்பியது. இயந்திரங்கள், வண்டிகள் எல்லாம் தண்ணீருக்குள். இறைத்து, சேறு அள்ளி, திரும்பத் தொடங்கினார்கள். அது திரும்பவும் நிரம்பியது.

“அப்ப என்ன செய்தவங்கள்?”

“திரும்பவும் இறைச்சவங்கள்.”

ரெஜ் சிரித்தான். பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தமும் கேட்டது. “நேதன், உந்தக் குறுக்கு மதகு. இவ்வளவு நாளும் நாங்கள் பகிடி பண்ணினது. அதை எதுக்காகக் கட்டினவங்கள்?”

“அது வந்து,” என்று நான் தொடங்கினேன்.

“பொறு,” என்றான். பிறகு, “வந்திட்டுது. கால் வந்திட்டுது. சப்பாத்து அங்கயே நிண்டுட்டுது, கால் வந்திட்டுது!”

மேலே ஏற்றியபோது அவனுடைய கணுக்கால் இருக்கவேண்டிய பக்கம் இருக்கவில்லை. உடுப்புக்குள் பாதிவரை தண்ணீர். ஆனால் ஸ்ரான்லியைப் பார்த்து, “என்ர சப்பாத்துக்கு ஆர் காசு தாறது?” என்று கேட்டான்.

அம்புலன்ஸ் போன பிறகு பார்லோ வந்தார். தொட்டியின் ஓரத்தில் நின்று, வாரக்கணக்கான வேலை மூழ்கிக் கிடப்பதைப் பார்த்தார். சாரத்துப் பலகைகள் மிதந்துகொண்டிருந்தன. நான் நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன்.

“குறுக்கு மதகு எப்பிடித் திரும்பினது?” என்று கேட்டார்.

“சத்தமே கேக்கேல்லை, சேர்.”

“ம். அப்ப பூசின கிரீஸ் போதும்.”

அவ்வளவுதான். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். மாலையில் ரெஜ்ஜின் மனைவி சொன்னாள், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கன நேரம் இருந்தாராம். போகும்போது தன் கழுத்துப்பட்டியைக் கழற்றி அங்கேயே மறந்துவிட்டுப் போயிருந்தார்.

கற்படியைத் திரும்பவும் முதலில் இருந்து செய்தோம். அடுத்த வசந்தத்தில் ஸ்ரான்லி தானாகவே மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு வந்து காத்து நின்றான். பார்லோ ஓய்வு பெற்ற பிறகும் நான் அந்த ஒழுங்கை விடவில்லை. கால்வாயின் மேல்பகுதிக்குக் கப்பல் வருவது குறைந்து, எங்கள் பகுதியையே சுருக்கி, என் போன்றோரை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பிய வருடத்திலும், வசந்தத்தில் சக்கரத்தைச் சுற்றிவிட்டுத்தான் வந்தேன். ரெஜ் திரும்பச் சுழியோடவில்லை. களஞ்சியத்தில் வேலை கொடுத்தார்கள். கொஞ்சம் சரிந்து நடப்பான், மற்றப்படி சுகம்.

இந்தக் கோடையில் அந்த ரெஜ்ஜைத்தான் சிவாவின் வானில் ஏற்றிக்கொண்டு நயாகராவுக்கு வெளிக்கிட்டோம். சென்ற் கதறின்ஸ் வந்ததும் சிவா கேட்காமலே திருப்பினான். “அத்தான்ர கோயில் வந்திட்டுது,” என்று ராணியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

தானியக் கப்பல் ஒன்று தொட்டிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரு கை அகலம்தான் இடம். ரெஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவுகள் சாத்துவதைப் பார்த்தான். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் என் பக்கம் திரும்பினான்.

“அண்டைக்கு நீ கதையை இடையில விட்டிட்டாய்.”

“எந்தக் கதை?”

“குறுக்கு மதகை எதுக்காகக் கட்டினவங்கள் எண்டு கேட்டனான். அதுக்குள்ள என்ர கால் வந்திட்டுது. பிறகு கேக்க வெக்கமாப் போச்சு.”

இருபது வருடத்துக்குப் பிறகு சொன்னேன். கட்டியவர்கள் பயந்துவிட்டார்கள். கோடையில் ஆற்றுத் தண்ணீர் போதாமல் போகும், ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு தொட்டி தண்ணீரை வீணாக விடமுடியாது என்று நினைத்தார்கள். ஆகவே ஒரு தொட்டியில் இருந்து விடும் தண்ணீரில் பாதியை மற்றத் தொட்டிக்குக் கொடுத்து மிச்சம் பிடிக்க அந்தச் சுரங்கத்தை வைத்தார்கள். தண்ணீர் ஒருநாளும் குறையவில்லை. அதனால் அது ஒருநாளும் தேவைப்படவில்லை.

“தண்ணி காணாதெண்டோ?” ரெஜ் வாயைத் திறந்தபடி நின்றான். “அந்த நாட்டிலயோ? ரெண்டு தரம் வெள்ளத்தில மூழ்கின பிறகோ?”

“ஓம்.”

“அப்ப கணக்குப் பிழை.”

“முழுப் பிழை.”

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பக்கத்தில் நின்ற சீனக் குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்தது. சிவா எங்களுக்குப் பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். முழுக் கதையையும் ரெஜ்ஜிடம் முதலில் இருந்து கேட்டான். ரெஜ் சொன்னான், கப்டன், தேத்தண்ணிப் போத்தல், சப்பாத்து ஒன்றும் விடாமல்.

சிவா கடைசியில் என்னைப் பார்த்தான். “அத்தான், ஆரோ பிழையாக் கட்டினதுக்கோ நீங்கள் இருபது வருசமாக் கிரீஸ் பூசினியள்?”

“ஓம்.”

சிவா தமிழில் என்ன கேட்டான் என்று ரெஜ் விசாரித்தான். சொன்னேன். ரெஜ், அன்று அகப்பட்ட வலது காலைத் தூக்கி, கம்பியின் கீழ்ச் சட்டத்தில் வைத்து, சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

கப்பல் மேல்மட்டத்துக்கு வந்தது. கதவு திறந்தது. அது மெல்லப் போய் மறைந்ததும் நான் பழக்கத்தில் வான் பக்கம் நடந்தேன். சிவா அசையவில்லை. அங்கே தொங்கிய கப்பல் வரும் நேரப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னொண்டு வருதாம், அத்தான். பாத்திட்டுப் போவம்.”

“அப்ப கட்லற்?” என்று ராணி வானுக்குள் இருந்து கேட்டாள்.

“இஞ்ச கொண்டு வாங்கோ அக்கா. நிண்டுகொண்டே சாப்பிடுவம்.”